உள்வேலைச் சட்டை

மாசி மாதத்து வெயில் எட்டு மணிக்கெல்லாம் சிமெண்டுக் களத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவித்த நெல்லைப் பரப்பி முடித்துக் கலியம்மாளும் தையலம்மாளும் இன்னும் நான்கு பெண்களும் வரிசையாக நின்று காலால் உழுதுகொண்டிருந்தார்கள். பாதத்தைத் தரையை விட்டு எடுக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் நெல் இரண்டு பக்கமும் வரப்பாக ஒதுங்கும். அடுத்த சுற்றில் அந்த வரப்பைக் கலைக்க வேண்டும். களத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு எண்பது தப்படி. பதினோரு வருஷமாகக் கலியம்மாள் இந்த எண்பது தப்படியைத்தான் நடந்துகொண்டிருந்தாள். நேர்ப் பாதையாக இருந்தால் இந்நேரம் காசிக்குப் போய்த் திரும்பியிருக்கலாம் என்று தையலம்மாள் சொல்வாள்.

நெல்லுச் சுணை கழுத்து மடிப்பில் இறங்கி வியர்வையோடு சேர்ந்து அரித்தது. சொறிந்து சொறிந்து முழங்கை வரைக்கும் தடித்துக் கிடந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வசந்தா களத்தைக் கடந்து மில்லுக்குள் போவதைப் பார்ப்பதுதான் கலியம்மாளுக்குத் தாங்கவில்லை.

வசந்தா புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். ஆம்பளைச் சட்டை, முழுக்கை, மணிக்கட்டில் பொத்தான். முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகி அதையும் சட்டைக்குள் அடக்கியிருந்தாள். நெல்லில் கால் படாமல் ஓரமாகவே நடந்து போனாள்.

"அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில கொட புடிப்பான்னு சொல்லுவாங்க. இவ காலங்காத்தால சட்ட மாட்டிக்குனு போறா பாரு," என்றாள் தையலம்மாள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். கலியம்மாளால் சிரிக்க முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் கைக்குழந்தையோடு வேலை கேட்டு நின்ற வசந்தாவைக் கணக்குப்பிள்ளை இராமச்சந்திரனிடம் கூட்டி வந்து, "நம்ம தெருப் பொண்ணுங்க, நல்லா செய்வா" என்று சொல்லிச் சேர்த்துவிட்டதே அவள்தான். நெல்லைக் கடித்துப் பார்த்துப் பதம் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். இப்போது அந்த வசந்தா நிழலில் இருக்கிறாள், இவள் வெயிலில் நிற்கிறாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவளை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

பாகூர் ஏரிப் பாசனத்து நெல்லெல்லாம் வந்து சேர்கிற அரிசி மில் அது. முதலாளி சௌந்தரராஜனுக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடையும் உண்டு. மில்லுக்குள்ளே ஆயில் இன்ஜின். அதிலிருந்து அரவை இயந்திரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோவது ஒரு சாண் அகலத்தில் ஒரு நீண்ட பெல்ட். பனிக்காலத்துக் காலை வேளையில் பெல்ட் ஈரம் குடித்து வழுக்கும். இன்ஜின் ஓடும், மில் ஓடாது. அப்போது ஓடுகிற பெல்ட்டின் உட்பக்கத்தில் குங்கிலியப் பொடியைக் கை நிறைய அள்ளி வீசினால் பிடித்துக்கொள்ளும். நிறுத்திவிட்டுப் போடலாமே என்றால், நின்ற இன்ஜினை மறுபடி கிளப்ப மூன்று ஆளும் அரைமணி நேரமும் வேண்டும். அதனால் நிறுத்துவதில்லை. வீசுகிற கை பெல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குள்ள சூட்சுமம்.

அந்த உள்வேலையைப் பார்த்துவந்த சின்னப்பிள்ளை என்பவன் சம்பளம் போதவில்லை என்று வண்டியோட்டப் போய்விட்டான். அவனுக்குக் கொடுத்ததில் பாதிக்கு ஒரு பெண்ணே போதும் என்று கணக்குப்பிள்ளை யோசனை சொன்னார். இன்ஜின் டிரைவர் கண்ணையன் களத்துக்கு வந்து பெண்களை ஒரு பார்வை பார்த்தான். இருப்பதில் உயரமானவள் வசந்தா. "நீ வா" என்றான். அவ்வளவில் முடிந்தது விஷயம்.

களத்துப் பெண்களுக்கு வெயில் அடித்தால்தான் கூலி. மூட்டம் போட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கலியம்மாளுக்கு வாசலில் நின்று வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுண்டு. வசந்தாவுக்கோ மாதச் சம்பளம். மழை பெய்தாலும் சம்பளம். பதினோரு மணிக்கு டீ. வேலை இல்லாத நேரத்தில் மூட்டை மேல் உட்காரலாம். கலியம்மாளுக்கு நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. அவளும் உயரந்தான், வசந்தாவை விட நாலு விரல் குறைவு. நாலு விரலில் போய்விட்டதே என்று பாயில் படுத்துக்கொண்டு தன் கையையே நீட்டி நீட்டிப் பார்ப்பாள்.

சட்டை வந்தது அதற்கு அப்புறம். தை மாதம் ஒருநாள் மத்தியானம் பாண்டியிலிருந்து பாக்டரி இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். வெயில் ஏறிய நேரம். பெல்ட் காய்ந்து ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, குங்கிலியம் வீசுவது அவர் கண்ணில் படவில்லை. பெல்ட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பிக் கூண்டு போட வேண்டும், பக்கத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கு உடம்போடு ஒட்டின உடுப்புக் கொடுக்க வேண்டும், இது சட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். கூண்டு என்றால் இரும்பு, கம்பி, கொல்லன் கூலி. சட்டை சுலபம். மறுநாளே ஒன்று வாங்கி வந்து, நோட்டில் எழுதி, வசந்தாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார் கணக்குப்பிள்ளை. கூண்டு செய்யச் சொல்லியிருப்பதாகவும் அந்த நோட்டிலேயே எழுதிவைத்தார்.

ஒருநாள் சுணை பொறுக்க முடியாமல் கலியம்மாள் வாய்விட்டுக் கேட்டாள்.

"மத்தியானத்துல நீ சும்மாதான குந்திக்குனு இருக்க? அந்தச் சட்டயக் கொஞ்ச நேரம் குடுடி. ஒடம்பெல்லாம் எரியுது."

"அய்யோ, தர முடியாதுக்கா," என்றாள் வசந்தா. "நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்கேன். கிழிஞ்சா என் சம்பளத்துல புடிச்சிக்குவாங்க."

அவள் சொன்னது நிஜம்தான். ஆனால் கலியம்மாள் காதில் விழுந்தது 'கையெழுத்து' ஒன்றுதான். ரேகை வைக்கிறவளிடம் கையெழுத்துக்காரி பேசுகிற பேச்சா இது?

அன்று சாயங்காலம் குழாயடியில் நாலு பேர் கேட்க, "டிரைவரு இன்னாத்தப் பாத்துக் கூப்டான்னு யாருக்குத் தெரியும்? ஒசரத்த மட்டுமா பாத்தான்?" என்று சொல்லிவைத்தாள். சொன்னது காலில்லாமலே வசந்தா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் வசந்தா கன்னம் வீங்கி வந்தாள். புருஷன் அடித்திருந்தான். யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியவில்லை. கலியம்மாளுக்குச் சங்கடமாக இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் இருந்தது. ஆனால் அந்த வீங்கின கன்னத்தோடேயே சட்டையை மாட்டிக்கொண்டு வசந்தா நிழலுக்குள் போனபோது, குளிர்ந்ததெல்லாம் மறுபடி பற்றிக்கொண்டது.

சட்டை மில்லுடையது, வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது கணக்குப்பிள்ளை உத்தரவு. அதனால் வசந்தா வேலை முடிந்ததும் அதைத் தொட்டியடியில் கசக்கி, கொதிகலன் கொட்டகைக்குப் பின்னால் கொடியில் போட்டுவிட்டுப் போவாள். காலையில் வந்து எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

அந்த வியாழக்கிழமை விடியலில் நெல் குவியல்களின் மேல் மூடியிருந்த படுதாக்களைப் பிரிக்க வேண்டிய முறை கலியம்மாளுடையது. அவள்தான் முதலில் வந்தாள். பனி கொட்டியிருந்தது. கொடியில் சட்டை கை விரித்தபடி தொங்கியது. கொதிகலன் சூட்டில் நன்றாகக் காய்ந்திருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். விரல் நுனி வரைக்கும் கை நீண்டது. மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டாள். கழுத்துப் பொத்தானையும் போட்டாள். உடம்பு முழுக்க ஒரு காப்பு வந்த மாதிரி இருந்தது. நாலு தப்படி நடந்து பார்த்தாள். இதற்குத்தானா இவ்வளவு கௌரவம் என்று நினைக்கும்போதே, தனக்கு அது எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்றும் நினைத்தாள்.

வெளிக் கதவு கிரீச்சிட்டது. கழற்றிக் கொடியில் போட்டுவிட நேரம் இருந்தது. அவள் போடவில்லை. சுருட்டிக் கொண்டுபோய், களத்தோரம் யாரும் தொடாமல் கிடந்த கிழிந்த படுதாவின் அடியில் தள்ளினாள். கொஞ்சம் தேடட்டும். கணக்குப்பிள்ளையிடம் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். மத்தியானம் கண்டெடுத்த மாதிரி கொடுத்துவிடலாம். அவள் நினைத்தது இவ்வளவுதான்.

வசந்தா கொட்டகையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் களத்துக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, என் சட்டயப் பாத்தியாக்கா? கொடியிலதான் போட்டேன்."

"நான் இன்னா உன் சட்டைக்குக் காவலா?"

உள்ளே இன்ஜின் கிளம்பியிருந்தது. பெல்ட் 'சர்ர்' என்று இழுத்துக்கொண்டு வழுக்குகிற சத்தம் களம் வரைக்கும் கேட்டது. குங்கிலியம், குங்கிலியம் என்று கண்ணையன் கத்தினான். கணக்குப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"இங்க இன்னாடி பேச்சு? பெல்ட்டு வழுக்குது, காதுல வுழல?"

"சட்டயக் காணங்க."

"சட்ட அப்பறம் தேடிக்கலாம். மில்லு சும்மா நிக்குது. போ உள்ள."

படுதா பத்துத் தப்படி தூரத்தில் கிடந்தது. 'இந்தா, இங்க கீது' என்று சொல்ல ஒரு வாய் போதும். எல்லோர் முன்னாலும் எடுத்துக் கொடுத்தால் திருடி என்று ஆகிவிடும் என்று கலியம்மாள் குனிந்துகொண்டு நெல்லில் காலை இழுத்தாள். வசந்தா முந்தானையை இடுப்பில் செருகியபடி உள்ளே ஓடினாள்.

அலறல் யாருக்கும் கேட்கவில்லை. இன்ஜின் சத்தம்தான் மாறியது. பாரம் கழன்ற மாதிரி திடீரென்று லேசாகி வேகமெடுத்தது. அப்புறம் கண்ணையன் "அய்யோ, அய்யோ" என்று கத்துவது கேட்டது. செருகின முந்தானை அவிழ்ந்து பெல்ட்டில் மாட்டியிருக்கிறது. அதைப் பிடித்து இழுக்கப் போன வலது கை சக்கரத்துக்குள் போய்விட்டது.

அரிசி மூட்டை ஏற்றிப் பாண்டிக்குப் போகிற லாரி வாசலில் நின்றது. மூட்டைகளின் மேல் சாக்கை விரித்து வசந்தாவைப் படுக்க வைத்தார்கள். தையலம்மாள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே போனாள். களத்தில் அவித்த நெல் கிடந்தது. உழாமல் விட்டால் புளித்துப்போகும். மற்ற பெண்கள் அழுதுகொண்டே உழுதார்கள். மத்தியானத்துக்குள் பெல்ட்டைக் கழுவி மாட்டி மில்லை ஓட்டிவிட்டார்கள்.

சனிக்கிழமை சேதி வந்தது. கையை முழங்கைக்கு மேலேயே வெட்டி எடுத்துவிட்டார்களாம்.

அன்று சாயங்காலம் கணக்குப்பிள்ளை கலியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார். இதற்கு முன் அவர் அவளை உட்காரச் சொன்னதில்லை. இப்போது மூட்டையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"திங்கக்கெழம இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வர்றாரு. களத்துல நீதான் மூத்தவ, உன்னத்தான் கேப்பாரு. சட்ட குடுத்திருந்தோம், அவதான் புழுங்குதுன்னு போட மாட்டா, எத்தினியோ தடவ சொல்லியும் கேக்கலன்னு சொல்லிடு."

"அப்டி சொன்னா இன்னாங்க ஆவும்?"

"குடுத்தத வேணும்னே போடாம போனவளுக்கு நஷ்டஈடு கெடையாது. சட்டத்துலயே இருக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த எடம் காலியாத்தான கெடக்குது. மொதலாளிகிட்ட உன் பேரச் சொல்லிட்டேன். மாசச் சம்பளம்."

ஒரு கணம் கலியம்மாளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மழைக்காலமும் சம்பளமும் நிழலும் ஒன்றாகக் கண்ணில் வந்து போயின. அந்தச் சந்தோஷத்தைத் தெரிந்துகொண்டதும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் எழுந்து வந்தாள். போகும்போது படுதாவின் அடியிலிருந்து சட்டையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டி பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு வெளியே வசந்தாவின் புருஷன் குழந்தையோடு குந்தியிருந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். வசந்தா கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. கலியம்மாள் கொண்டுபோன கஞ்சியை இடது கையால் வாங்கத் தெரியாமல் வாங்கி, பாதியை மேலே கொட்டிக்கொண்டாள்.

"நீயாவது வந்தியேக்கா." மேலே கொட்டின கஞ்சியை இடது கையாலேயே துடைத்துக்கொண்டாள். "நான் சட்ட போட மாட்டேன்னு அடம் புடிச்சேனாம். கணக்கப்புள்ள வந்து சொல்லிட்டுப் போறாரு. நான் தேடனத நீ பாத்தியேக்கா. உன்னாண்டதான வந்து கேட்டேன்."

"ஆமா. கேட்ட."

"அத்த மட்டும் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுக்கா. வேற யாரும் எனக்காவ வாயத் தொறக்க மாட்டாங்க." பிறகு கேட்டாள்: "சட்ட கெடச்சிதாக்கா? காணாமப் போச்சின்னா அதுக்கும் துட்டுப் புடிப்பாங்களே."

கலியம்மாளுக்கு அங்கேயே சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. "நான் சொல்றேன்டி, கண்டிப்பா சொல்றேன்" என்று மட்டும் சொல்லிக் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை அவள் மில்லுக்குப் போனபோது இன்னும் நன்றாக விடியவில்லை. வாசலில் மாட்டுவண்டி நின்றது. கண்ணையனும் இரண்டு ஆட்களும் ஆள் உயரக் கம்பிக் கூண்டை வண்டியிலிருந்து இறக்கி உள்ளே தூக்கிப் போனார்கள். இரும்புச் சட்டத்தில் கம்பி வலை, ஒரு பக்கம் சின்னக் கதவு. பெல்ட்டைச் சுற்றி நிறுத்தித் தரையில் முடுக்கினார்கள். ஊரிலேயே பிறந்து வளர்ந்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது அது.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். முதலாளி சௌந்தரராஜன் சந்தனப் பொட்டோடு கூடவே நடந்தார். கூண்டைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் முகத்தில் திருப்தி தெரிந்தது. நோட்டைப் பார்த்தார். சட்டை கொடுத்த தேதி, வசந்தாவின் கையெழுத்து, எல்லாம் இருந்தன.

"கூண்டு இருந்தும் எப்படிக் கை உள்ளே போச்சு?"

"கதவத் தொறந்துக்குனு போயிருக்கா சார்," என்றார் கணக்குப்பிள்ளை. "சட்டையும் போடல. இதோ, இவளுக்கு எல்லாம் தெரியும்."

கலியம்மாள் முன்னால் வந்தாள். மடியிலிருந்து சட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அவ மேல தப்பில்லீங்க. சட்டய நான்தான் எடுத்து ஒளிச்சி வெச்சேன். அவ தேடனா. கெடைக்கல. சட்ட அப்பறம் தேடிக்கலாம், போன்னு இவருதான் உள்ள அனுப்பனாரு."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். "நீ ஏம்மா எடுத்தே?"

"பொறாமதாங்க. அவளுக்கு மட்டும் குடுத்தாங்களேன்னு வயித்தெரிச்சல்."

களத்துப் பெண்களும் வாசலில் வந்து கூடியிருந்தார்கள். தையலம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கணக்குப்பிள்ளையின் முகம் வெளுத்தது. ஆனால் முதலாளி சௌந்தரராஜன் கோபப்படவில்லை. சட்டையைப் பார்த்தார், கலியம்மாளைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார்.

"எழுதிக்கங்க சார். கூட வேல செய்றவ திருடியிருக்கா. மில்லு மேல இன்னா தப்பு? நாங்க குடுக்க வேண்டியத குடுத்திருக்கோம்."

இன்ஸ்பெக்டர் எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: சக தொழிலாளி பொறாமையினால் பாதுகாப்பு உடையைத் திருடி மறைத்தது விபத்துக்குக் காரணம். கலியம்மாள் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள். வசந்தா மேல் பழி இல்லை என்று எழுதியாயிற்று. அதுவரைக்கும் நல்லது என்று நினைத்தாள். ஆனால் அதில் கூண்டு இருந்ததாகவும் ஒரு வரி வந்ததே!

"அய்யா, அந்தக் கூண்டு அன்னிக்கு இல்லீங்க. இன்னிக்குக் காலையிலதான் வண்டியில வந்துச்சி. நான் என் கண்ணால பாத்தேன்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். கூண்டைத் திரும்பிப் பார்த்தார்.

"திருடிட்டு நாலு நாளு மூடி வெச்சிருந்தவ பேச்ச நம்பறீங்களா சார்?" என்றார் முதலாளி. "வேல போயிடும்னு தெரிஞ்சதும் சேத்த வாரி எறியறா. டிரைவரக் கேளுங்க."

"நீ சொல்லுப்பா. கூண்டு எப்போ போட்டாங்க?"

கண்ணையன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். அவனுக்கு வீட்டில் ஐந்து பேர். "போன தடவ நீங்க வந்துட்டுப் போன மறுவாரமே போட்டாச்சிங்க."

தையலம்மாளைக் கேட்டார். "நாங்க களத்துலயே கெடக்கறவங்க சாமி. உள்ள இன்னா இருக்குதுன்னு எங்களுக்கு எப்டித் தெரியும்?" என்றாள் அவள். மற்றப் பெண்கள் வாயைத் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் மூடிச் சட்டைப் பையில் செருகினார். மேலிடத்துக்கு எழுதுவதாகவும் அங்கே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள் என்றும் சொன்னார். முதலாளி வீட்டில் அவருக்கு இலை போட்டிருந்தார்கள்.

"நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னான்?" கணக்குப்பிள்ளை கலியம்மாளை வெளிக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "சும்மா இருந்திருந்தா இந்நேரம் உள்ள இருந்திருப்ப. போலீசுக்குச் சொல்லாம வுடறாருன்னு மொதலாளியக் கும்புட்டுக்கோ. நஷ்டஈடு வேணும்னா அவ இனிமே உன்னாண்ட வந்து கேக்கட்டும்."

கதவைச் சாத்தினார்.

பாண்டி பஸ்ஸுக்காகக் கலியம்மாள் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சட்டையை எடுத்தது யார் என்று வசந்தாவிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். ஊர் போய்ச் சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும். சொன்னால் காறித் துப்பினாலும் துப்புவாள். எதிர்ச்சாரியில் முதலாளி வீட்டு வாசலில் ஜீப் நின்றது. மில்லில் மாதச் சம்பளத்துக்கு வேறொருத்தியைத் தேடி இந்நேரம் கண்ணையன் களத்துக்கு வந்திருப்பான். அதை நினைத்தபோது அவளுக்குள் பழைய எரிச்சல் இல்லை. பயம்தான் இருந்தது.

மில்லின் பின்வாசலிலிருந்து மாட்டுவண்டி திரும்பி ரோட்டில் ஏறியது. வண்டி நிறையச் சாக்குப் போட்டு மூடியிருந்தது. ஒரு ஓரத்தில் சாக்கு விலகிக் கம்பி வலையும் சின்னக் கதவும் தெரிந்தன. ஓட்டி வந்தவன், முன்பு குங்கிலியம் போட்டுக்கொண்டிருந்த அதே சின்னப்பிள்ளை. கலியம்மாள் நடு ரோட்டுக்குப் போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாள்.

"எங்க எடுத்துக்குனு போற?"

"கரியமாணிக்கம் மில்லுக்கு. அவங்களுதுதான இது. வுடும்மா, பொழுது சாயறதுக்குள்ள கொண்டுபோய் மாட்டியாவணும்."

"இன்னா அவசரம்?"

"நாளைக்கு அந்த மில்லுக்கு இன்ஸ்பெக்டர் வர்றாராம். ராத்திரி அந்த ஊர்லதான் தங்கறாராம்."

பின்னால் ஹாரன் அடித்தது. ஜீப் கிளம்பி வந்துகொண்டிருந்தது. சின்னப்பிள்ளை மாட்டை அதட்டி வண்டியை ரோட்டோரம் ஒதுக்கினான். "அய்யா, அய்யா, இத்தப் பாருங்க" என்று கலியம்மாள் கையை ஆட்டிக்கொண்டே ஓடினாள். முன்சீட்டில் இன்ஸ்பெக்டர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் நிறைய வெற்றிலை. ஒதுங்கி வழிவிட்ட வண்டிக்காரனைப் பார்த்து நல்லபடியாகத் தலையை ஆட்டினார். ஜீப் வண்டியைத் தாண்டிக் கரியமாணிக்கம் ரோட்டில் திரும்பியது.

புழுதி அடங்கும்வரை சின்னப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பிறகு விலகிக் கிடந்த சாக்கை இழுத்துக் கம்பியை மூடினான். மாட்டைத் தட்டி வண்டியை மறுபடி ரோட்டில் ஏற்றி, ஜீப் போன தடத்திலேயே ஓட்டிக்கொண்டு போனான்.